தூங்கும் பாதைக்குப் பச்சை நிறம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தி முதலில். ஜனவரியில் எங்கள் டேட்டா சென்டர் இழுத்த மின்சாரம் போன ஜனவரியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. இதைச் சொன்னது எங்கள் மேலாளர் அல்ல. மின்துறை ஆள் நேரில் வந்து மீட்டரைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கணக்கு.

இங்கே மூவரும் சுகம். குட்டிக்குப் பல் முளைக்கிறது. மேசை விளிம்பு, என் செருப்பு, அவன் அம்மாவின் தோள் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? கண் மருத்துவரிடம் போனீர்களா? காகிதத்தில் வருவதுதான் கடிதம் என்று அவள் பிடிவாதம் பிடிப்பதால்தான் எனக்கும் கையெழுத்து மறக்காமல் இருக்கிறது. இதையும் உரக்கப் படித்துக் காட்டு.

அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். எங்கள் சர்வர்களில் பாதி, பாதி நேரம் வேலையில்லாமல் சூடாகிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க வேறு தனியாக மின்சாரம் செலவாகும். காலியாக ஓடும் நாலு பஸ்ஸின் ஆட்களை ஒன்றில் ஏற்றிவிட்டு மூன்றை நிறுத்துவதுபோல, வேலைகளை ஒரு பக்கம் குவித்துவிட்டு மற்றவற்றை அணைக்கிறோம். அது சுலபம். லைன்கள்தான் கஷ்டம். உங்கள் மலைக்கு இரண்டு கண்ணாடி இழைப் பாதைகள் வருகின்றன. ஒன்று நெடுஞ்சாலையோரமாக, இன்னொன்று ஏரியைச் சுற்றி. முதலாவது அறுந்தால் இரண்டாவது கைகொடுக்கும். அதுவரை அது ஒன்றையும் சுமக்காமல், வழியிலுள்ள ஒளிபெருக்கிக் கருவிகளுக்கெல்லாம் வருஷம் முழுக்க மின்சாரம் தின்கிறது. உபயோகம் குறைந்த நேரத்தில் அதைத் தூங்க வைக்கலாம் என்ற விதியை எழுதியது நான்தான். தேவைப்பட்டால் நாலு நிமிஷத்தில் எழுந்துவிடும்.

பயப்படாதே. ஆஸ்பத்திரி, தீயணைப்பு, போலீஸ் பெயரில் லைன் இருக்கும் பாதைகளைத் தொடவே மாட்டோம்.

இதில் பெரிய சண்டை எதற்கு வந்தது தெரியுமா? தூங்கும் பாதைக்குத் திரையில் என்ன நிறம் கொடுப்பது என்பதற்கு. மஞ்சள் என்றால் மேலிடத்திலிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்குமாம். கடைசியில் மேலாளர் சொன்னார்: “தூங்குறவன் செத்தவன் இல்லையேப்பா. பச்சையே போடு.” என் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு ‘ஃப்யூஸ்’ என்று பெயர், ஆள் உள்ளே இருக்கும்போதே கழிப்பறை விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவன். அவன் கைதட்டினான்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

எங்கள் பக்கத்து உறுதியான செய்தி: பிப்ரவரியில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடியது ஜனவரியில் ஓடியதில் பாதிகூட இல்லை. சொன்னவர் ஜெனரேட்டர்காரர். சும்மா உட்காரப் பிடிக்காமல் அதற்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார். நீ மிச்சம் பிடிக்கும் மின்சாரம்தான் எங்களுக்கு வருகிறதா என்று எனக்குத் தெரியாது. வருகிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு அறுவை வேண்டுமாம், தேதிக்குக் காத்திருக்கிறோம். உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “கரண்ட் மிச்சம் பண்றானாமா? அவனா? ஒரு நாளாவது லைட்ட அணைச்சிட்டுப் படுத்திருப்பானா?” என்று சிரித்தாள். உன் அத்தானுக்கு முதுகு வலி. நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னால் என்னை முறைக்கிறார்.

எங்கள் வார்டில் ஒரு புது ஆள். பெயர் டிவி டாக்டர். கட்டிலுக்கு எதிரே பெரிய திரை, அதில் நகரத்திலிருந்து பேசுகிறார். பெரிய டாக்டர் ஞாயிற்றுக்கிழமை அடிவார ஊருக்குப் போய்விடுவதால், அன்றைக்கு இவர்தான். இதயத் துடிப்பின் கோடுகள் நேராக அவருக்குப் போகின்றன. ஆபத்தான மருந்துகள் வைத்த பெட்டியின் பூட்டுக்கு அவர் அனுப்பும் எண்தான் சாவி. நல்லதுதான், தவறாக எடுத்துவிட்டோமோ என்ற பயம் இல்லை. இதையெல்லாம் நடத்துவது ஏதோ கிளவுட் கம்பெனி. திரையின் ஓரத்தில் நீல இறகு போட்டிருக்கும். அம்மா கேட்டாள்: “மேகத்துலேர்ந்து டாக்டர் வர்றாராமா? ஃபீஸ் யாருக்குக் குடுக்கறது?”

குட்டிக்கு ஈறில் தடவ எதுவும் வாங்காதே. குளிர்ந்த ஈரத் துணி போதும். உன் மனைவி தூங்குகிறாளா? அவளையும் கேள்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

உறுதியான செய்தி: எங்கள் குழுவுக்குப் பரிசு. மேலிடத்துச் சுற்றறிக்கை வந்துவிட்டது. தூங்கும் நேரத்தை ஞாயிறு பகலுக்கும் நீட்டியிருக்கிறோம். அலுவலகங்கள் மூடியிருக்கும்போது லைன்களில் காற்றுதான் ஓடுகிறது.

நாங்கள் நலம். முதல் பல் வெளியே வந்துவிட்டது. ஈரத் துணி வேலை செய்தது, நன்றி. அத்தானை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அம்மாவிடம் சொல்: இப்போதெல்லாம் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

உன் டிவி டாக்டர் பற்றிப் படித்தேன். இறகு போட்ட கம்பெனி எங்களிடம் லைன் வாடகைக்கு எடுத்திருப்பவர்களில் ஒருவர்தான். பெரிய ஆட்கள்.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு எங்கள் வார்டில் ஒரு வெல்டர் இறந்துபோனார். நேரத்தை எழுதியது நான். வயது முப்பத்தொன்று. அடுத்த தெருவில்தான் பட்டறை. நம் வீட்டுக் கேட்டைச் சரிசெய்து கொடுத்தவர், அம்மாவுக்கு அவரைத் தெரியும்.

நெஞ்சுவலி என்று தன் ஸ்கூட்டரிலேயே வந்தார். “சிஸ்டர், இது வாயுதானே?” என்று கேட்டார். கோடுகளைப் பார்த்தேன், வாயு இல்லை. திரையில் டிவி டாக்டர் வந்தார், பார்த்தார். “ரத்தக் கட்டிதான். கரைக்கற மருந்து போடலாம். எண் அனுப்பறேன்” என்றார். அப்படியே வாயைத் திறந்தபடி உறைந்துவிட்டார். எண் வரவில்லை. ஆஸ்பத்திரி ஃபோனில் சத்தமில்லை. என் செல்ஃபோனிலும் இல்லை, உதவியாளர் ஃபோனிலும் இல்லை. பெட்டி பூட்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மேலே சாலை வளைவில் நின்றால் அடுத்த பள்ளத்தாக்கின் டவர் கிடைக்கும். உதவியாளரை வெல்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓடினேன். நகரத்து ஆஸ்பத்திரியைப் பிடித்து, எண்ணை வாங்கி, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் துடிப்பு நின்று, அந்த மருந்துக்கு நேரம் போய்விட்டிருந்தது. உதவியாளர் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நானும் அழுத்தினேன். பிறகு திரை தானாக வந்தது. டிவி டாக்டர் “கேக்குதா? கேக்குதா?” என்றார்.

கட்டிலை விட்டு ஏன் போனாய் என்று பெரிய டாக்டர் கேட்கிறார். லைன் போய்விட்டது என்றேன். விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

அம்மா, “தம்பிகிட்ட கேளு, அவன் லைன்லதான இருக்கான்” என்கிறாள். சாலை அகலப்படுத்தும் இடத்தில் அன்று மண்வாரி இயந்திரம் ஏதோ கேபிளை வெட்டியதாகப் பேச்சு. உறுதியில்லை.

குட்டி நலமா? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குட்டிக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. அவன் அம்மாவுக்கும் தொற்றியது. எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் கண் அறுவைக்குத் தேதி கிடைத்ததா? அத்தானின் முதுகு?

வெல்டரைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். நீ எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாய். உன்னை நீயே போட்டு வதைத்துக்கொள்ளாதே. குழு என்றால் நாலு கேள்வி கேட்பார்கள், எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பால்கனியில் ஒரு புறா முட்டையிட்டிருக்கிறது. அதை விரட்டக் கூடாது என்று உன் தம்பி மனைவி உத்தரவு. துணி காயப்போட இடமில்லை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

தம்பி


மே 18

தம்பிக்கு,

உறுதியான செய்தி: உங்கள் நிறுவனத்தின் அறிக்கை குழுவுக்கு வந்துவிட்டது. செயலர் எனக்கும் ஒரு நகல் கொடுத்தார். அதில் நம் ஊருக்கான வரி ஒன்றுதான். பிரதான கேபிள் வெட்டுப்பட்டது, ஆனால் மாற்றுப் பாதை ‘நிகழ்வு நேரம் முழுவதும் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தது’.

பெரிய டாக்டர் அதை எல்லோர் முன்னும் படித்தார். “லைன் இருந்திருக்கேம்மா. அப்புறம் எதுக்கு ஓடினீங்க?” என்றார். திரை உறைந்ததைச் சொன்னேன். “உங்க திரைக்கு என்ன கோளாறோ. பூட்டை உடைச்சிருக்கலாமே?” என்றார். உடைத்திருந்தால் ஏன் உடைத்தாய் என்று கேட்க இதே குழு இதே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும். உதவியாளர் எனக்காகச் சாட்சி சொன்னார். ஃபோன்களும் செத்துக் கிடந்தன என்றார். அவர் எனக்கு வேண்டியவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

என் செவிலியர் பதிவையே ரத்து செய்யலாம் என்று பேச்சு அடிபடுகிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த உடுப்பைப் போட்டிருக்கிறேன், எனக்கு வேறு வேலை தெரியாது.

லைன்களைக் கண்காணிக்கும் அறையில் உட்காருகிறவன் நீ. புறாவைப் பற்றிப் பிறகு எழுது. ஒரே ஒரு கேள்வி: அன்றைக்கு லைன் இருந்ததா?

அம்மா நலம். கண் அறுவை ஜூலையில். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன்.

எங்கள் அறிக்கையை நானும் பார்த்தேன். அதில் எழுதியிருப்பது தவறில்லை.

வேலை விஷயங்களை வெளியே எழுதக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். புரிந்துகொள்வாய்.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீயே சொன்னபிறகு எனக்கு வேறு சாட்சி எதற்கு? லைன் இருந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கள் திரையில் இருந்திருக்க வேண்டும், இல்லை என் தலையில்.

நாலைந்து நாள் யோசித்தேன். அந்தத் திரை நிஜமாகவே உறைந்ததா, அவர் யோசிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டதை நான் அப்படி நினைத்துவிட்டேனா? ஃபோனைக் காதில் சரியாக வைத்தேனா? யோசிக்க யோசிக்க எதுவும் நிச்சயமாக இல்லை. ‘பதற்றத்தில் தவறாகக் கணித்திருக்கலாம்’ என்று குழுவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உதவியாளருக்குக் கோபம். “நான்தானே பக்கத்துல நின்னேன்? எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” என்றார். இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை, மூன்றாம் நாள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இது உறுதியான செய்தி, ஆணை கையில் இருக்கிறது: நான் பணியிடைநீக்கம். சாவியையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டேன்.

வெல்டரின் மனைவி வீட்டுக்கு வந்திருந்தாள். சண்டைக்கு வரவில்லை. அவர் சரிசெய்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சிஸ்டர், நீங்க வெளிய ஓடுறத அவரு பாத்தாரா?” என்று கேட்டாள். பார்த்தார் என்றேன். “என்ன நெனச்சிருப்பாரு?” என்றாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அம்மா கேட்கிறாள்: “அவன் கடுதாசி ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?” வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். குட்டி நடக்கத் தொடங்கிவிட்டானா? எழுது.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

லைன் தூங்கிக்கொண்டிருந்தது.

நீ கண்டது சரி. திரை உறைந்தது நிஜம். ஃபோன்கள் செத்ததும் நிஜம், உங்கள் ஊர் டவரும் அதே கேபிளில்தான் தொங்குகிறது. அறிக்கையில் எழுதியிருப்பது தவறில்லை என்று எழுதினேன். எங்கள் அகராதியில் தவறில்லைதான். தூங்கும் பாதைக்குப் பச்சை நிறம், பச்சை என்றால் ‘தயார்’. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் அறிக்கையை எழுதினார்கள். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, உன்னிடம் பொய் சொல்லாமலே பொய் சொல்ல எவ்வளவு கவனமாக அந்த வரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று.

அன்று பணியில் இருந்தது நான்தான். பிரதான பாதை சிவப்பானது. ஃப்யூஸ் எட்டிப் பார்த்து, “அதான் பச்ச இருக்கே. வா, டீ குடிச்சிட்டு வரலாம்” என்றான். நானும் எழுந்தேன். பாதையை எழுப்பும் கட்டளை தானாகப் போயிருந்தது. சோதனையில் நாலு நிமிஷம் எடுத்தது. ஆனால் ஒவ்வொரு கருவியும் எழுந்து, அதன் ஒளி நிலைப்பட்ட பிறகுதான் அடுத்தது எழ முடியும். ஏரிக்கரை அறையிலிருந்த ஒரு கருவி முதல் தடவை எழவில்லை. மறுபடி முதலிலிருந்து. அத்தனை நேரமும் திரையில் பச்சை. வாடிக்கையாளர்களின் புகார் வந்த பிறகுதான் கப்பை வைத்துவிட்டு ஓடிவந்து கையால் எழுப்பினேன். மொத்தம் பத்தொன்பது நிமிஷம்.

ஆஸ்பத்திரி லைன்களைத் தொட மாட்டோம் என்று எழுதியிருந்தேன். உங்கள் ஆஸ்பத்திரி பெயரில் எங்களிடம் லைனே இல்லை. லைன் இறகு போட்ட கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று என் விதிக்குத் தெரியாது.

ஆனால் எனக்குத் தெரியும். மார்ச்சில் உன் கடிதத்தைப் படித்ததும் உறைத்தது. மேலாளரிடம் போனேன். வாடகைக்கு எடுத்தவர்களிடம், உங்களுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடலாமே என்றேன். “கேட்டா எல்லாரும் நாங்களும் ஆஸ்பத்திரிதான்னு சொல்லுவான். அப்புறம் எத தூங்க வைப்ப, உன் பரிசையா?” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் உனக்கு மார்ச் மாதத்துச் சின்னக் கடிதத்தை எழுதினேன்.

நேற்று எல்லாவற்றையும் எழுதிக் குழுவின் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பாதை எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது என்ற பதிவு கருவிகளிலேயே இருக்கிறது, குழு கேட்டால் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். “அக்காவுக்காக ஆயிரம் பேர் வேலையில கை வைக்கிற” என்றார். இன்று காலை என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

உன் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று விசாரி.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

உன் வாக்குமூலம் வந்து சேர்ந்ததாகச் செயலர் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். இது உறுதி. கருவிகளின் பதிவைக் கேட்டு உங்கள் நிறுவனத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் இன்னும் பதில் தரவில்லை. நான் கையெழுத்திட்ட தாளைத் திரும்பப் பெற வழியில்லை. இன்னொரு தாள் கொடுக்கலாம், ஆனால் இரண்டில் எது உண்மை என்று குழுதான் முடிவு செய்யும் என்றார் செயலர்.

தூங்க வைக்கும் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு. உறுதியில்லை. மின்வெட்டு மறுபடி வந்திருப்பது உறுதி. ஜெனரேட்டர்காரர் உன்னைத் திட்டவில்லை. அவருக்கு உன்னைத் தெரியாது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். நீ வேண்டாம் என்று எழுதிய வரியோடு சேர்த்துப் படித்தேன். அறுவை முடிந்து கட்டுப் போட்டிருக்கிறாள், அவள் முகத்தில் என்ன ஓடியது என்று பார்க்க முடியவில்லை. கேட்டு முடித்ததும், “அவனுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றாள்.

“எதுக்கு முன்னாடிம்மா?”

“அந்தப் பையன் சாகறதுக்கு முன்னாடி.”

தெரியும் என்றேன். “உனக்கு அந்த ரெண்டு வரிய எழுதறப்பவும் தெரியும்” என்றாள். அன்று முழுக்க உன் அத்தான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெல்டரின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். பட்டறையில் வேறு யாரோ வேலை செய்கிறார்கள். அவள் உள்ளே, கல்லாவுக்குப் பின்னால் இருந்தாள். லைன் தூங்கியதைச் சொன்னேன். கண்ணாடி இழை, ஒளி, கருவி எல்லாவற்றையும் நீ எனக்கு எழுதியது போலவே எளிதாகச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்தினாள்.

“அது சரி சிஸ்டர். தூங்க வெச்சது யாரு?”

“என் தம்பி.”

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். “அவர் வருவாரா?” என்றாள்.

குழு உன் வாக்குமூலத்தை ஏற்று விசாரணையைத் திரும்பத் திறக்குமா, என் பதிவு நிலைக்குமா என்பது ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரியும். எழுதியவர் நேரில் வந்தால்தான் எழுத்தை ஏற்பார்களாம். உங்கள் நிறுவனத்து வக்கீலும் வருகிறார், அவருக்கு எதிர்ப்பக்கம் இடம். வெல்டரின் மனைவி அன்று பட்டறையை மூடிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் வரிசையில் மூன்று நாற்காலிகள் போடுவார்கள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

அக்கா